ஐட்ராப்பரால் வானத்தை அளந்தவருக்கு

நிண்டெண்டோவின் பழைய விளையாட்டுக் கருவியான என்இஎஸ்ஸுக்கு நான் எழுதும் விளையாட்டில் முட்டம் கடற்கரை வருகிறது. அதன் வானத்தை, படத்தில் ஒரு புள்ளியின் நிறத்தை எடுத்துக்காட்டும் ஐட்ராப்பரால் அளந்து, "இந்த நிறம் என்இஎஸ் பேலட்டிலேயே (நிறப் பட்டியலிலேயே) இல்லை, இது ஏமாற்று வேலை" என்று அந்தப் பெருமகனார் இட்ட பின்னூட்டத்தை அனைவரும் பார்த்திருப்பீர்கள். இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை.

அந்த இயந்திரத்துக்குள் ஆர்ஜிபி மதிப்பு, அதாவது சிவப்பு, பச்சை, நீலத்தின் அளவு, என்ற ஒன்றே கிடையாது. 1983-இல் ஜப்பானில் ஃபேமிகாம் என்ற பெயரில் வெளிவந்து, பிறகு என்இஎஸ் ஆன அந்தக் கருவியின் படச் சிப்புக்கு நிறம் என்பது வெறும் எண். 64 எண்களில், திரும்பத் திரும்ப வரும் கறுப்பைக் கழித்தால் ஏறத்தாழ 54 நிறங்கள் மிஞ்சும். சிப் அந்த எண்ணை நேரடியாகக் காம்போசிட் அலையாக, அதாவது நிறமும் வெளிச்சமும் ஒன்றாகக் கலந்த டிவி சிக்னலாக, அனுப்பிவிடும். அதை எந்த நிறமாகக் காட்டுவது என்பது தொலைக்காட்சியின் பொறுப்பு. கணினியில் அந்தக் கருவியைப் போலவே இயங்கும் எமுலேட்டர்களில் உள்ள பேலட் கோப்புகள் எல்லாம் அந்த அலையை அவரவர் கணித்தும் அளந்தும் எழுதிக்கொண்டவை. ஒரே எண் ஒன்றில் நீலமாகவும் மற்றொன்றில் ஊதா சாய்ந்தும் தெரிவது அதனால்தான்.

இதற்குப் புத்தகம் படிக்கத் தேவையில்லை. சிறுவயதில் குளச்சலில் எங்கள் வீட்டு டிவியில் ஊதாவாகத் தெரிந்த வானம், அதே கேசட்டை அதே பெட்டியோடு பெரியம்மா வீட்டுக்குக் கொண்டுபோனால் நீலமாகிவிடும். அண்ணனும் நானும் கேசட்டை ஊதி ஊதிச் செருகியும் வானம் மாறவில்லை. பெரியம்மா வந்து கலர் குமிழைத் திருப்பியதும் மாறியது. பெரியம்மாவுக்கு அன்றே புரிந்தது இன்று சிலருக்குப் புரியவில்லை.

"ஆர்ஜிபி தரும் சிப்பும் இருந்ததே" என்பார்கள். இருந்தது, பெரும்பாலும் காசு போட்டு விளையாடும் ஆர்கேட் இயந்திரங்களில். நான் ஆர்கேட்டுக்கு எழுதவில்லை.

"அப்படியானால் எந்த நிறத்தையும் போட்டுக்கொள்ளலாமா?" என்று கேட்பவர்களுக்குத்தான் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. ஒரு நேரத்தில் பின்னணிக்கு நான்கு நிறத்தொகுதிகள், ஒவ்வொன்றிலும் மூன்று நிறங்கள், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று, ஆக 13. நகரும் உருவங்களுக்கு இன்னும் 12. 16க்கு 16 புள்ளி கொண்ட ஒரு கட்டத்துக்குள் ஒரு தொகுதிதான் செல்லும். முட்டத்துப் பாறையின் பழுப்பும் அலையின் நீலமும் ஒரே கட்டத்தில் விழுந்ததால் பாறையின் அடிவாரம் முழுவதும் நீலமானது; மூன்று இரவு போராடி, பாறையை ஐந்து புள்ளி மேலே ஏற்றி, கலங்கரை விளக்கத்தின் உயரத்தைக் குறைத்து, அலைநுரையின் வெள்ளையைப் பாறை விளிம்புக்கும் பொதுவாக்கிச் சரிசெய்தேன். ஏமாற்றுபவன் படுகிற பாடா இது? பேலட் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டிய இடம் இந்தக் கட்டம். ஸ்கிரீன்ஷாட்டில் ஐட்ராப்பர் காட்டும் ஆறு இலக்க நிறக் குறியீடு அல்ல.

எனக்கு நேர்ந்தது போகட்டும். மார்த்தாண்டத்திலிருந்து முதல் விளையாட்டைச் செய்துகொண்டிருந்த ஒரு தம்பி, அந்தப் பின்னூட்டத்தைப் பார்த்துவிட்டுத் தன் படங்களையெல்லாம் நீக்கிவிட்டான். "அண்ணா, என் நிறமும் தப்பாக இருக்குமோ" என்று கேட்கிறான். அவன் எண்கள் அத்தனையும் சரி. அதை அவனிடம் நான்கு முறை சொல்லியாயிற்று.

அந்தப் பெருமகனாருக்கு நேற்று, விளையாட்டு முழுவதும் அடங்கிய ரோம் கோப்பையே அனுப்பிவிட்டேன். அவருடைய எமுலேட்டரில் ஓட்டினால் அவருடைய வானமே வரும். இதுவரை ஓட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. பின்னூட்டத்துக்கு வரும் லைக்குகளுக்கு மட்டும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார்.