ஆந்தை முகமும் கிடைத்த அர்ச்சனையும்

நானும் மகளும் பேன்கேக்கில் ஆந்தை முகம் செய்தோம், அந்தத் தட்டைப் படம் எடுத்து இங்கே போட்டேன். அதன் கீழே கருத்துகளில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு மறுபடி விளக்க வேண்டியதில்லை. பார்க்காதவர்கள் புண்ணியம் செய்தவர்கள், தேடிப் போகாதீர்கள். நானும் பேசாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அதே படத்தை எடுத்து, என் பெயரை மட்டும் பெருந்தன்மையோடு மறைத்துவிட்டு, "இந்தக் காலத்துப் பெற்றோர்" என்று தன் பக்கத்தில் ஒரு உபதேசமே எழுதிவிட்டார் இங்கே நட்பில் இருக்கும் அண்ணன் ஒருவர். சாப்பாட்டை விளையாட்டுப் பொருளாக்குகிறோமாம். இப்படி வளர்ந்த பிள்ளை நாளைக்கு வேடிக்கை காட்டினால்தான் வாயைத் திறக்குமாம். கீழே ஒரே கைதட்டல். கைதட்டியவர்களில் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களும் உண்டு. பார்த்தேன். சரி.

அண்ணே, ஒன்றே ஒன்றுதான். வேடிக்கை காட்டி ஊட்டுவது வேறு, விளையாட்டாகச் சமைத்துச் சாப்பிடுவது வேறு. போனைக் கையில் கொடுத்து, குழந்தை திரையைப் பார்த்து வாய் பிளக்கும் நேரமாகப் பார்த்து ஒரு கவளத்தைத் திணிப்பது முதல் வகை. வாய்க்குள் என்ன போகிறது என்றே அதற்குத் தெரியாது. என் மகள் மாவைக் கலக்கி, பாதியை மேடையில் கொட்டி, பேன்கேக் மேல் வாழைப்பழ வட்டங்களைக் கண்ணாக வைத்து, "அப்பா, மூக்கு கோணலா இருக்கு" என்று என்னைத் திருத்திவிட்டு, அந்த மூக்கையே முதலில் பிடுங்கித் தின்றாளே, அது இரண்டாவது வகை. அங்கே அவள் கவனம் முழுக்க சாப்பாட்டின் மேல்தான் இருந்தது. முதல் வகையில் கவனத்தைச் சாப்பாட்டிலிருந்து திருப்புகிறோம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி ஒரு கட்டுரை எழுத எப்படித்தான் மனசு வந்ததோ.

இது நானாகச் சொல்லும் தத்துவமும் கிடையாது. இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரைக்கும் புது உணவைக் கண்டு குழந்தை ஒதுங்குவது இயல்பு. அதைப் பிடிவாதம் என்று பெயர் வைத்து அடிப்பவர்கள் நாம்தான். லீஆன் பர்ச் என்ற ஆய்வாளர் 1982-இல் இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு முன்பின் தெரியாத உணவுகளைக் கொடுத்துப் பார்த்தார். ஒன்றை 2 முறை, இன்னொன்றை 5 முறை, 10, 15, 20 முறை என்று. எதை அதிக முறை சுவைத்தார்களோ அதுதான் பிடித்தது. அதற்கு இரண்டு வருடம் கழித்து அவர் குழு இன்னொன்றையும் பார்த்தது. "இதைக் குடித்தால் அது கிடைக்கும்" என்று பரிசு காட்டிக் குடிக்க வைத்த பானம், குழந்தைகளுக்கு முன்பைவிடக் குறைவாகத்தான் பிடித்தது. அண்ணன் தன் உபதேசத்தில் சிபாரிசு செய்திருந்தது ஞாபகம் இருக்கிறதா? "காய் முழுக்கச் சாப்பிட்டால்தான் இனிப்பு என்று கறாராகச் சொல்லுங்கள்." நல்லது. வாழ்க.

ஆக, பல முறை கண்ணில் பட வேண்டும், கையில் பட வேண்டும், நாக்கில் பட வேண்டும். மிரட்டாமல் அத்தனை முறை ஒரு காயை ஒரு சின்னக் குழந்தை முன்னால் எப்படிக் கொண்டுவருவது? விளையாட்டைத் தவிர வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள், கற்றுக்கொள்கிறேன்.

ஊதா முட்டைக்கோஸை எங்கள் வீட்டில் அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். ஒருநாள் அதை வெந்நீரில் போட்டு ஊதா நீர் இறக்கி இரண்டு கண்ணாடி டம்ளரில் ஊற்றினோம். ஒன்றில் எலுமிச்சையைப் பிழிந்தால் இளஞ்சிவப்பு, இன்னொன்றில் துளி சமையல் சோடா போட்டால் நீலப் பச்சை. புளிப்புக்கும் காரத்தன்மைக்கும் அந்தச் சாயம் நிறம் மாறும், அவ்வளவுதான் விஷயம், ஆனால் அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டார். அன்றைக்கு முட்டைக்கோஸ் சாப்பிட்டாளா என்றால், இல்லை. ஒரு இலையைக் கடித்துவிட்டுத் துப்பினாள். நான் அதையே வெற்றி என்று எடுத்துக்கொண்டேன். இப்போது தானாக எடுத்து மெல்கிறாள், சில நாள். சில நாள் மறுபடி துப்புகிறாள்.

"இதற்கெல்லாம் உங்களுக்கு எங்கே நேரம்?" என்று சிலர். நீங்கள் படத்துக்குக் கீழே போட்ட அந்தச் சண்டையில் செலவழித்த நேரத்தில் மூன்று ஆந்தை செய்திருக்கலாம். அடுத்தது.

"உணவை வீணாக்குகிறீர்கள்" என்றவர்களுக்கு: கொட்டிய மாவு ஒரு கரண்டி. நீங்கள் திணித்துக் குழந்தை வாந்தி எடுப்பது எந்தக் கணக்கில் வரும்?

ஒருவர் மட்டும் உருப்படியாகக் கேட்டிருந்தார், ஆந்தைக் கண்ணில் திராட்சை வைத்திருக்கிறீர்களே, தொண்டையில் சிக்காதா என்று. இந்தக் கேள்வியை மதிக்கிறேன், அதனால் பொறுமையாகச் சொல்கிறேன். படத்தில் தெரிவது நீளவாக்கில் நான்காக நறுக்கிய துண்டு. முழுத் திராட்சை சின்னக் குழந்தையின் மூச்சுக்குழாயை அப்படியே அடைத்துக்கொள்ளும் அளவு, வழவழப்பு வேறு, அதனால் நான்காக வெட்டாமல் எங்கள் வீட்டில் தட்டுக்கே வராது. அலகுக்கு வைத்த கேரட் வேகவைத்தது. முழு வேர்க்கடலை, பாப்கார்ன் எல்லாம் இன்னும் சில வருடம் கழித்துத்தான். மாவை நக்கத் தோன்றும், நக்க விடுவதில்லை. பச்சை முட்டை மட்டும்தான் பிரச்சினை என்று பலர் நினைக்கிறார்கள், வேகாத மாவிலும் கிருமி இருக்கலாம். ஒரு வயது ஆகாத குழந்தை வீட்டில் இருந்தால் தேன் துளிகூடக் கூடாது, அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்துகள் அந்தப் பிஞ்சுக் குடலில் வளர்ந்து நஞ்சாகிவிடும். நிறத்துக்குக் கடைச் சாயம் வாங்குவதில்லை, பீட்ரூட் சாறுதான். (மறுநாள் சிறுநீர் சிவப்பாக வந்தால் பதறாதீர்கள், அது பீட்ரூட்.) இவ்வளவு யோசித்துத்தான் அந்த ஒரு தட்டு மேசைக்கு வந்தது. "பொறுப்பில்லாத பெற்றோர்" என்று எழுதிய கைக்கு இதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை.

"எங்கள் காலத்தில் தட்டில் போட்டதைப் பேசாமல் சாப்பிட்டோம்." தெரியும் அண்ணே. அதனால்தான் இன்றைக்கும் உங்கள் தட்டில் பாதிக் காய்கறி ஒதுங்கிக் கிடக்கிறது, விருந்துகளில் பார்த்திருக்கிறேன்.

இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கடைசிப் பத்தியில் வெளியே சாப்பிடப் போவதையும் இழுத்திருக்கிறார். ஐந்து வயதுக்கு முன் குழந்தையை உணவகத்துக்குக் கூட்டிவருவது மற்றவர்களுக்குச் செய்யும் துரோகமாம். துரோகம்! ஒரு கரண்டி கீழே விழுந்தால் துரோகம். அடுத்த மேசையில் நான்கு பெரியவர்கள் போனில் சத்தமாக வீடியோ போட்டுப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவது மட்டும் நாகரிகம்.

தண்ணீரில் இறங்காமல் நீச்சல் வருமா? பொது இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதும் அப்படித்தான், போய்ப் போய்த்தான் வரும். அதற்காக நள்ளிரவில் தூக்கம் கெட்ட குழந்தையைக் கொண்டுபோய் நிறுத்துவதில்லை. கூட்டம் சேரும் முன் போகிறோம், அவள் தூங்கும் நேரத்துக்கு முன் கிளம்பிவிடுகிறோம். சுவரோரமாக உட்காருகிறோம். அவளுக்கானதை முதலில் கொண்டுவரச் சொல்கிறோம். காத்திருக்கும் நேரத்துக்குக் கிரேயானும் காகிதமும் உண்டு, போன் கிடையாது. அழுகை ஆரம்பித்தால் ஒருவர் தூக்கிக்கொண்டு வெளியே ஒரு சுற்று. கிளம்பும்போது கீழே சிந்தியதை நாங்களே துடைக்கிறோம். அவளே பரிமாறுபவரிடம் "தண்ணி வேணும் அங்கிள்" என்று கேட்கிறாள் இப்போது. முன்பு என் காலுக்குப் பின்னால் ஒளிந்தவள். அங்கே பக்கத்து மேசைத் தாத்தா ரசித்துச் சாப்பிட்ட சூப்பைப் பார்த்துத் தனக்கும் கேட்டாள், வீட்டில் அதே சூப்பைத் தொட்டதில்லை. அடுத்தவர் சாப்பிடுவதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் சாப்பிடக் கற்கிறார்கள். நான்கு சுவருக்குள் பூட்டி வைத்தால் யாரைப் பார்ப்பது?

இன்னொன்று. ஒருமுறை இப்படிப் போன இடத்தில் அவள் டம்ளரைத் தட்டிவிட்டாள். அவள் உட்கார்ந்திருந்தது என் மடியில். டம்ளரைத் தள்ளி வைக்காதது நான். துடைத்ததும் நான். அடுத்த மேசைப் பெண்மணி எழுந்து வந்து, எதிரே தன் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் மனைவியிடம், "வீட்டிலேயே ஊட்டிவிட்டு வந்திருக்கலாமேம்மா" என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. மனைவி அதற்கப்புறம் சாப்பிடவில்லை. எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை, இன்றைக்கு வருகிறது.

ஏனென்றால் ஆந்தைத் தட்டிலும் அதேதான் நடந்தது. செய்தது நானும் மகளும். படம் போட்டது நான். "சூப்பர் அப்பா" என்று எனக்கு இதயம் போட்ட அதே ஆட்கள், அண்ணன் பதிவின் கீழே போய் "அம்மா என்ன பண்றாங்க, வேலைக்குப் போய்ட்டாங்களா?" என்று சிரித்திருக்கிறார்கள். ஆமாம், போயிருந்தாள். அன்றைக்கு அவளுக்கு வேலை, எனக்கு விடுமுறை. அப்பன் மாவு கலக்கினால் அது சாதனை, அம்மா அதையே செய்தால் செல்லம் கொடுத்துக் கெடுப்பது, செய்யாவிட்டால் அலட்சியம். அவள் எந்தப் பக்கம் நின்றால் உங்களுக்கு வசதி என்று ஒருமுறை எழுதிக் கொடுத்துவிடுங்கள், அங்கேயே நிற்கச் சொல்கிறேன். சாப்பாடு, ஒழுக்கம், வளர்ப்பு என்று எவ்வளவு பெரிய வார்த்தைகளைப் போட்டு எழுதினாலும் உங்கள் கோபம் கடைசியில் அவள் தலையில்தான் வந்து இறங்குகிறது. அவள் அந்தக் கருத்துகளை எல்லாம் படித்துவிட்டு என்னிடம் எதுவும் சொல்லவில்லை. படம் எதற்குப் போட்டாய் என்று மட்டும் கேட்டாள்.

என்னைத் திட்டுபவர்கள் தாராளமாகத் திட்டலாம், ஒன்றையும் அழிக்க மாட்டேன், நேரம் கிடைத்தால் பதிலும் சொல்வேன். "அம்மா எங்கே" என்று கேட்டு வருபவர்களோடு மட்டும் விவாதம் கிடையாது, நேராக நட்பு நீக்கம். அண்ணனுக்கும் சேர்த்துத்தான்.