சண்டை ஆட்ஸை நகர்த்துவது யார்?

குத்துச்சண்டை மாதிரி பெரிய சண்டை எதுவாக இருந்தாலும் ஆட்ஸை, அதாவது கட்டிய பணம் ஜெயித்தால் எத்தனை மடங்காகத் திரும்பும் என்று பந்தய நிறுவனம் போடும் எண்ணைக் காட்டி, "இவர்தான் ஜெயிப்பார், கணக்கே சொல்லுதே" என்று வாதாட ஒரு கூட்டம் வந்துவிடுகிறது. ஆட்ஸ் ஒரு விலை. அதைத் தீர்ப்பு மாதிரி படிப்பதில் எனக்குச் சம்மதமே இல்லை.

ஒருவருக்கு 1.50, எதிராளிக்கு 2.70 என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர்மேல் 100 கட்டி அவர் ஜெயித்தால் 150 கைக்கு வரும். ஆட்ஸ் சொல்லும் வெற்றி வாய்ப்பு எவ்வளவு? ஒன்றை 1.50ஆல் வகுத்தால் 66.7 சதவீதம், 2.70ஆல் வகுத்தால் 37. கூட்டினால் 103.7! நூறுக்கு மேல் நிற்கும் அந்த 3.7தான் பந்தய நிறுவனம் தனக்காக ஒதுக்கிக்கொள்ளும் இடம். யார் ஜெயித்தாலும் அது நஷ்டப்படாமல் இருக்கப் பார்க்கும்.

முதல் ஆட்ஸைப் போடுபவர் வயது, கை நீளம், சண்டை பாணி, கடைசி நேரத்தில் எதிராளி மாறினாரா என்றெல்லாம் பார்த்துத்தான் போடுகிறார். ஆனால் முன்னணி வீரர் ஒருவர் வருடத்துக்கு இரண்டு மூன்று முறை மோதினாலே அதிகம். அதை வைத்து எவ்வளவுதான் கணிக்க முடியும்? அதனால் ஆரம்பத்தில் சின்னத் தொகைக்குத்தான் பந்தயம் வாங்குவார்கள். விவரம் தெரிந்தவர்கள் எந்தப் பக்கம் கட்டுகிறார்கள் என்று பார்த்து எண்ணைத் திருத்துவார்கள். அப்புறம் ரசிகர்களின் பணம் வந்து கொட்டும்.

2017 மேவெதர்–மெக்கிரிகர் சண்டையையே பாருங்கள். குத்துச்சண்டை வீரர் மேவெதர் 49 சண்டைகளில் தோற்காதவர். உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டையில் பெயர் வாங்கிய மெக்கிரிகர் தொழில்முறைக் குத்துச்சண்டையில் அதுவரை ஒரு முறைகூட மோதியதில்லை. ஆனாலும் ரசிகர்கள் ஆசையாகக் கட்டக் கட்ட மெக்கிரிகரின் ஆட்ஸ் இறங்கிக்கொண்டே வந்தது, அதாவது அவர் ஜெயித்தால் கிடைக்கும் தொகை குறைந்தது. பத்தாவது சுற்றில் நடுவர் சண்டையை நிறுத்தினார், ஜெயித்தது மேவெதர்தான்.

என்னை உண்மையிலேயே கோபப்படுத்துவது 2022 நவம்பரில் நடந்த யூஎஃப்சி சண்டை. (கலப்புச் சண்டைகளை நடத்தும் அமெரிக்க நிறுவனம் யூஎஃப்சி.) டாரிக் மின்னர் என்ற வீரர் தோற்பார் என்று கடைசி சில மணி நேரத்தில் பணம் குவிந்தது, ஆட்ஸ் தடாலென்று மாறியது. முதல் சுற்றிலேயே, ஒரு உதை விட்டதும் மின்னர் வலியில் தன் காலையே பிடித்துக்கொண்டார், தோற்றார். காயத்தை முன்கூட்டியே சொல்லாததற்காக அமெரிக்காவின் நெவாடா மாநில விளையாட்டு ஆணையம் பிறகு அவரைத் தடை செய்தது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் யூஎஃப்சி பந்தயத்தையே கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தது.

அமெரிக்கக் கால்பந்தின் லீக்கான என்எஃப்எல் வாராவாரம் காயப் பட்டியலை வெளியிடுகிறது. சண்டை விளையாட்டிலும் அப்படி ஒரு பட்டியலைக் கட்டாயமாக்க வேண்டும். பயிற்சிக் கூடத்துக்குள் இருப்பவருக்குத் தெரிந்தது வெளியே பணம் கட்டுபவருக்கும் தெரியட்டும்.