முதலில் கோடுகளைப் பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நடந்ததை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். பேசியவரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. கோட்டோவியங்களுக்குப் பெயர்பெற்ற ஓவியர் நஸ்ரீன் முகமதியைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். தனிமையில் வாழ்ந்தார், நோயில் வாடினார், மூத்த ஓவியர் கைட்டொண்டேவின் நிழலில் வளர்ந்தார். எல்லாம் வந்தது. கோடுகளைப் பற்றி ஒரு வாக்கியம்கூட வரவில்லை. எழுந்து கேட்டேன். 'உணர்ச்சிவசப்படாதீங்க மேடம்' என்றார்கள். கை தட்டினார்கள்.

என்ன கேட்டேன் நான்? முதலில் கோடுகளைப் பாருங்கள் என்றேன், அவ்வளவுதான்.

நஸ்ரீன் 1937-இல் கராச்சியில் பிறந்து, லண்டனிலும் பாரிஸிலும் படித்து, 1972 முதல் 1990-இல் இறக்கும்வரை பரோடாவில் பாடம் நடத்தியவர். டிராஃப்டிங் டேபிள், செட் ஸ்கொயர், மை தொட்டுக் கோடு இழுக்கும் ரூலிங் பேனா, பென்சில், கறுப்பு மை. இவ்வளவுதான் அவர் கருவிகள். ரூலிங் பேனாவைப் பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அழுத்தம் கொஞ்சம் மாறினாலும் மை திட்டாகிவிடும், தாள் முழுதும் போச்சு. அந்தப் பேனாவால் ஒரு கோட்டை அடர்த்தியாக ஆரம்பித்து, போகப்போக இளைக்கவிட்டு, வெறும் தாளில் கரைய விடுகிறார். பக்கத்துக் கோடு அந்த இடத்தில் தொடங்குகிறது. தறியில் பாய்ந்திருக்கும் பாவு நூல்களை அவர் எடுத்த புகைப்படங்கள் இருக்கின்றன. அவற்றை அவர் உயிரோடு இருந்தவரை காட்சிக்கு வைக்கவே இல்லை. அதையும் இந்தக் கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு மணி நேரம் பேசலாமே! அதற்குக் கண் வேண்டும், உழைப்பு வேண்டும். கண்ணீர்க் கதைக்கு இரண்டும் வேண்டாம்.

நோய்தான் அந்தக் கோடுகளை நேராக்கியது என்றார் ஞாயிற்றுக்கிழமை பேசியவர். நோய் கடுமையானது 80களில். கோடுகளால் ஆன கட்டங்கள் 70களிலேயே அவர் படங்களில் வந்துவிட்டன. தேதிகளைப் பார்த்திருந்தாலே அந்த வாக்கியம் வாயில் வந்திருக்காது.

கைட்டொண்டேவுக்கும் 1984-இல் பெரிய விபத்து நடந்தது, சில வருடம் வரையவே முடியவில்லை. அவரும் ஒதுங்கியே வாழ்ந்தவர்தான். அவருடைய வண்ணப் பரப்புகளை யாராவது விபத்தின் காயம் என்று விளக்குகிறார்களா? அவர் என்றால் ஒளி, மௌனம், ஜென். நஸ்ரீன் என்றால் மருத்துவ அறிக்கை.

'நஸ்ரீனே டைரி எழுதியிருக்கிறாரே' என்று ஒருவர் கமென்டில் வரப்போகிறார். எழுதினார். படித்திருக்கிறேன், திரும்பத் திரும்ப. ஆனால் படங்களுக்குத் தலைப்பு வைக்க மறுத்தவர் அவர், பெரும்பாலானவற்றில் தேதியும் இல்லை. அந்த இடத்தில் டைரியை ஒட்டவைக்க நமக்கு யார் உரிமை கொடுத்தது?

இன்னொரு கேள்வியும் வரும். பெண் கலைஞர்களைப் பற்றி ஆய்வு செய்கிற நீயே பெண் என்பதைப் பார்க்காதே என்கிறாயே என்று. நான் அப்படிச் சொல்லவே இல்லை. 1971-இல் கலை வரலாற்றாசிரியர் லிண்டா நாக்லின் எழுதியதைப் படியுங்கள். நிர்வாண மாடலை வைத்து வரையும் வகுப்புக்குள் பெண்களை விடாத அகாடமிகளைப் பற்றிப் பேசுகிறார். யாருக்கு அறை கிடைத்தது, யாருக்கு நேரம் கிடைத்தது, யாரை வாங்கினார்கள், இதெல்லாம் பெண் என்பதால் வரும் கேள்விகள். தனிமையில் வாடினாரா என்பது அல்ல. அமெரிக்கப் பெண் ஓவியர் லீ கிராஸ்னரின் படத்தைப் பார்த்த அவருடைய ஆசிரியர் ஹான்ஸ் ஹாஃப்மன், பெண் வரைந்தது என்றே தெரியாத அளவுக்கு நன்றாக இருக்கிறது என்றாராம். அதையும் பாராட்டாகத்தான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பேசியவரும் பாராட்டத்தான் வந்திருந்தார்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்கிறார்கள் நண்பர்கள். சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு குழுக் கண்காட்சி. கேட்டலாக்குக்காக என் வேலையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். கிராஃபைட்டை அடுக்கடுக்காகத் தேய்ப்பது, அழிப்பது, தாளின் பற்களில், அதாவது அதன் சொரசொரப்பில், அது தங்குவது எல்லாம். நடுவே, அம்மா இறந்த வருடம் தொடங்கிய வரிசை இது என்று ஒரு வரி. அச்சாகி வந்தபோது அந்த ஒரு வரிதான் இருந்தது. பக்கத்துப் பக்கத்தில் ஓர் ஆண் ஓவியர் தன் அக்ரிலிக் கலவை விகிதத்தைப் பற்றி எழுதியது முழுசாக வந்திருந்தது. அம்மாவைப் பற்றி நான் எழுதியது பொய்யில்லை. ஆனால் அந்தப் பத்து வருட உழைப்பு எங்கே போயிற்று? அதை யாரிடம் கேட்பது?

ஓவியர் பத்மினியை நினைத்தால் இன்னும் வலிக்கிறது. நம் சென்னைக் கலைக் கல்லூரியில், ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரிடம் படித்தவர். 1969-இல், முப்பது வயதுகூட ஆகாமல் பிரசவத்தில் இறந்தார். டி.கே. பத்மினி என்று பெயரைச் சொன்னதும் அறையில் இருக்கும் எல்லோரும் முதலில் சொல்வது அதைத்தான். அவர் உருவங்களை எப்படி அடுக்கினார், அந்த அடர்ந்த வண்ணத்துக்கு எப்படி வந்து சேர்ந்தார், பணிக்கரிடம் கற்றதில் எதை எடுத்துக்கொண்டார், எதை உதறினார் என்று யாராவது ஆரம்பிப்பார்களா என்று ஒவ்வொரு முறையும் காத்திருக்கிறேன்.

இனிக் காத்திருக்கப் போவதில்லை. எழுதத் தொடங்கிவிட்டேன். அந்தக் கட்டுரையில் பிரசவம் கடைசிப் பத்தியில்தான் வரும்.