ஆடு பறிகொடுத்த வீட்டுக்கு முதலில் போங்க

விலங்குகளுக்காக ஏதாவது செய்யணும், எங்கே ஆரம்பிக்கிறது என்று கேட்டு நிறைய தம்பி தங்கைகள் எழுதுகிறார்கள். முக்கால்வாசிப் பேர் வேலூரில் கல்லூரி படிக்கிற பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் துண்டு துண்டாகப் பதில் போடுவதைவிட, மனசில் இருப்பதை இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்ம பக்கத்தில் சிறுத்தைக்காகவோ யானைக்காகவோ பாம்புக்காகவோ பேச நினைக்கிறவர், முதலில் அந்த விலங்கால் நஷ்டப்பட்டவர் வீட்டுக்குப் போக வேண்டும். கேமராவோடு காட்டுக்குப் போவது அப்புறம்.

குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மாந்தோப்பு முடிகிற இடத்தில் காப்புக்காடு தொடங்கிவிடும். அதைத் தாண்டினால் ஆந்திராவின் கௌண்டின்யா சரணாலயம். அங்கிருந்து யானை இறங்கினால் முதலில் மிதிபடுவது நம் விவசாயியின் வாழையும் நெல்லும். 2024 ஜூனில் திருப்பத்தூர் நகருக்குள்ளேயே ஒரு சிறுத்தை வந்து, ஊரே கதவைச் சாத்திக்கொண்டது. அதே வருஷம் டிசம்பரில் கே.வி.குப்பம் அருகே துருகம் கிராமத்தில் ஒரு இளம்பெண் சிறுத்தை தாக்கி இறந்துபோனார்.

இந்த மாதிரி ஒரு சாவு விழுந்ததும் "நாமதானே காட்டை ஆக்கிரமிச்சோம்" என்று எழுத ஒரு கூட்டம் கிளம்பிவிடுகிறது. எழுதுகிறவர் ஏழாவது மாடியில் இருப்பார். செத்தது விறகு பொறுக்கவும் மாடு மேய்க்கவும் காட்டோரம் போய்த்தான் ஆகவேண்டிய குடும்பத்துப் பெண். பெற்றவர்கள் அழுதுகொண்டிருக்கும்போது அவர்கள் காதில் இப்படி ஒரு வாக்கியம் விழுந்தால், பிறகு ஜென்மத்துக்கும் அந்த ஊரில் சிறுத்தையைப் பற்றி நாம் வாயைத் திறக்க முடியாது. அந்த நேரத்தில் துக்கம் விசாரிப்பது மட்டும்தான் நம் வேலை.

பேரணாம்பட்டு பக்கம் மலையடிவாரத்தில் ஒரு ஆட்டுப்பட்டியைப் பார்த்தேன். சுற்றிலும் மூங்கில் படல் கட்டி, மேலே தென்னங்கீற்று வேய்ந்திருந்தார்கள். படலில் ஒரு கீறல் இல்லை. கீற்றில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை. சிறுத்தை கூரை வழியாக இறங்கியிருக்கிறது. ஒரு ஆட்டை அங்கேயே கழுத்தைக் கவ்விப் போட்டுவிட்டு, இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. கிடந்த ஆட்டின் தொண்டையில் பல் பதிந்த ஓட்டைகளைத் தவிர வேறு காயம் கிடையாது. அந்த வீட்டு ஆயா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உன் சிறுத்தைய நீயே கூட்டினு போ பா. எனக்கு என் ஆட்டக் குடு."

அவர் கேட்டது நியாயம். சிறுத்தை அழிந்துவிடக் கூடாது என்று விரும்புவது நாம் எல்லோரும். அதற்கான விலையைக் கொடுப்பது மட்டும் அந்த ஆயா. இந்தக் கணக்கை நேர் செய்யாமல் நாம் பேசுவது எதுவும் அந்தப் பட்டிக்குள் போகாது.

சரி, போய் என்ன செய்வது? மனு எழுதிக் கொடுங்கள். வனவிலங்கு அடித்த ஆடு மாட்டுக்கு அரசு இழப்பீடு உண்டு. ஆனால் வனத்துறையினர் வந்து பார்ப்பதற்குள் செத்த ஆட்டைப் புதைத்துவிட்டாலோ, அறுத்துவிட்டாலோ கேஸ் நிற்காது. கால்நடை மருத்துவரின் பிரேதப் பரிசோதனைச் சான்று வேண்டும். கிடந்த இடம், கடித்த இடம், காலடித் தடம் எல்லாவற்றுக்கும் படம் வேண்டும். ஆதார் நகல், வங்கிப் புத்தக நகல் வைத்து வனச்சரக அலுவலகத்தில் கொடுத்து, ரசீது வாங்கி, பணம் வரும்வரை பின்னாடியே போக வேண்டும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு நாலு அலுவலகம் அலைய அந்த ஆயாவால் முடியாது. வண்டி வைத்திருக்கிற, படித்த, பேசத் தெரிந்த உங்களால் முடியும்.

இதுவும் வனவிலங்குப் பாதுகாப்புதானா என்று கேட்கலாம். சத்தியமாக இதுதான். சிறுத்தை ஒரே வேளையில் முழு ஆட்டையும் தின்று முடிக்காது, மிச்சத்துக்குத் திரும்பி வரும். ஆத்திரத்தில் இருக்கிறவர் அந்த மிச்சத்தில் வயலுக்குப் போடுகிற குருணை மருந்தைத் தூவிவிட்டால் முடிந்தது. சிறுத்தை சாகும், அதோடு நரி, நாய், காக்கை, கழுகு என்று வந்து வாய் வைத்ததெல்லாம் சாகும். இழப்பீடு சீக்கிரம் கைக்கு வந்த ஊரில் அந்தக் குருணைப் பாக்கெட்டைப் பிரிக்க யாருக்கும் அவசியம் வராது. பட்டிக்கு மேலே கம்பி வலை அடிக்க நாலு பேர் பணம் போட்டுக் கொடுத்தால் இன்னும் நல்லது.

"பிடிச்சுக் கொண்டுபோய் வேற காட்டுல விடுங்க" என்று ஊர்க்காரர்கள் கேட்பார்கள், நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்பேன். மகாராஷ்டிராவின் ஜுன்னார் பகுதியில் அப்படித்தான் செய்து பார்த்தார்கள். வனவிலங்கு ஆய்வாளர் வித்யா ஆத்ரேயா குழுவினர் அதை ஆராய்ந்தபோது, பிடித்துக் கொண்டுபோய் விட்ட பிறகு மனிதர்கள்மேல் தாக்குதல் கூடியிருந்தது தெரிந்தது. புது இடத்தில் விடப்பட்ட சிறுத்தைக்கு அந்த இடம் பழக்கமில்லை, பழைய இடத்துக்கு வேறொரு சிறுத்தை வந்துவிடும். 2011-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலும் எடுத்ததும் கூண்டு வைப்பதைத் தவிர்க்கச் சொல்கிறது. இதைச் சொன்னால் கேட்பார்கள், ஆனால் இழப்பீட்டு மனு எழுதிக் கொடுத்தவர் சொன்னால் மட்டும்தான் கேட்பார்கள்.

மின்வேலி இதைவிடப் பெரிய பிரச்சினை. காட்டுப்பன்றி ஒரே ராத்திரியில் நிலக்கடலைக் கொல்லையை உழுது போட்டுவிடும். கடன் வாங்கிப் பயிர் வைத்தவர் வயிறு எரிந்து மோட்டார் லைனிலிருந்து நேராகக் கம்பி இழுத்துவிடுகிறார். அதில் பன்றி மட்டுமா மாட்டுகிறது? 2023 மார்ச்சில் பக்கத்துத் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே மூன்று யானைகள் ஒரே வேலியில் செத்தன, கூட வந்த குட்டிகள் தாயில்லாமல் நின்றன. ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போன மனிதர்களும் இப்படிச் செத்திருக்கிறார்கள்.

இங்கே விவசாயியைத் திட்டி வீடியோ போடுவதால் ஒரு கம்பி கூட அவிழாது. சோலார் வேலிக்கும் திருட்டு மின்வேலிக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லுங்கள். சோலார் வேலி விட்டு விட்டு ஒரு நொடிக்கும் குறைவாக அடிக்கும், விலங்கு பயந்து விலகும், சாகாது. தமிழ்நாட்டில் 2023-ல் மின்வேலிகளுக்கென்றே பதிவு விதிகள் வந்திருக்கின்றன. இந்திய தர நிர்ணயம் உள்ள கருவியாக இருக்க வேண்டும், வனத்துறையில் பதிய வேண்டும். பன்றி விஷயத்திலும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருபவற்றை வனத்துறையே சுடலாம் என்று 2025 ஜனவரியில் அரசு அறிவித்தது. விலங்கு நலம் பேசுகிறவர்களுக்கு இது கசக்கலாம். எனக்கும் சந்தோஷமாக இல்லை. ஆனால் தீனிக்குள் வெடி வைத்த அவுட்டுக்காயைக் கடித்து வாய் சிதறி, நாள்கணக்கில் இரை எடுக்க முடியாமல் சாகிற பன்றியையும், மேயும்போது அதையே கடித்துவிட்டு ரத்தம் ஒழுக நிற்கிற பசுவையும் நினைத்தால், வேறு வழியை முழுசாக அடைத்துவிட்டு விவசாயியை அந்த வெடிக்குத் தள்ளுவதை என்னால் ஆதரிக்க முடியவில்லை.

அடுத்தது, வேலூர் பக்கத்துப் பொய்கை மாட்டுச் சந்தை. செவ்வாய்க்கிழமை காலையில் போய்ச் சும்மா ஒரு ஓரமாக நின்று பாருங்கள், மாட்டை வண்டியில் ஏற்றும் இடத்தில். வண்டியின் பின்பலகை இடுப்பு உயரத்துக்கு இருக்கும். ஏறுவதற்குச் சரிவு எதுவும் இல்லாவிட்டால் ஒருவர் மூக்கணாங்கயிற்றை இழுப்பார், இருவர் பின்தொடையில் தோள் கொடுத்துத் தள்ளுவார்கள், இன்னொருவர் வாலை முறுக்குவார். முன்னங்கால் ஏறி, பின்னங்கால் வழுக்கி, முட்டி பலகையில் மடேரென்று இடிக்கும். அப்படி இடிபட்ட மாடு எங்கே போய் இறங்கினாலும் நொண்டிக்கொண்டுதான் இறங்கும். வாங்கினவருக்கும் நஷ்டம்தான்.

இதைப் பார்த்துக் கொதித்துப்போய் நெடுஞ்சாலையில் வண்டியை மறிக்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். ஓட்டுபவர் என்ன சாதி, என்ன மதம் என்று பார்க்க ஆரம்பித்த நிமிஷமே அங்கே மாடு மறந்துபோகும், மனிதர்கள் அடிபடுவார்கள். சந்தைக்கு வருகிறவர்கள் பிழைப்புக்கு வருகிறார்கள். 1978-ம் வருஷத்துப் போக்குவரத்து விதிப்படி ஒரு லாரியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது, தீவனமும் தண்ணீரும் இருக்க வேண்டும். அதை அமல்படுத்துவது போலீஸும் போக்குவரத்துத் துறையும். நாம் கேட்க வேண்டியது வேறு: சந்தைக்குள் வண்டிகள் வரிசையாக நின்று ஏற்ற, வண்டிப் பலகை உயரத்துக்குச் சரிவான சிமெண்ட் மேடைகள், பக்கத்திலேயே தண்ணீர்த் தொட்டி, நிழலுக்குத் தகரக் கொட்டகை. இதை வியாபாரியும் எதிர்க்க மாட்டார், தரகரும் எதிர்க்க மாட்டார், அவர்கள் கையெழுத்தையே மனுவில் வாங்கலாம். எதைக் கேட்டால் கொடுக்க முடியுமோ, யாரால் கொடுக்க முடியுமோ, அதை அவரிடம் கேட்க வேண்டும். "மிருகவதையை நிறுத்து" என்று எழுதினால் அந்தத் தாளை எந்த மேசைக்கு அனுப்புவது என்று எந்த அதிகாரிக்கும் தெரியாது.

காளைகளைத் தெருவில் ஓடவிடுகிற எருது விடும் விழாவைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அதில் ஈடுபாடு கிடையாது. ஆனால் 2017-ல் அதை அனுமதிக்கிற மாநிலச் சட்டம் வந்து, 2023 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்ட பிறகு, "தடை செய்" என்று போய் நிற்பதில் பயனில்லை. காளை வளர்க்கிறவர் அதற்குப் பருத்திக்கொட்டை அரைத்து ஊற்றிவிட்டுத்தான் தான் சாப்பிடுவார். அவரிடமே பேசுங்கள். ஓடுகிற மாட்டைத் தட்டுகிற கூட்டத்தைத் தடுப்புக்குப் பின்னால் நிறுத்துவது, ஓடி முடித்து மிரண்டு போகும் காளைகள் விழாமல் இருக்க ஊர் எல்லையில் திறந்து கிடக்கும் கிணறுகளைச் சுற்றி வேலி போடுவது, இரண்டுக்கும் முதல் கையெழுத்து அவர்தான் போடுவார்.

எதையும் எழுத்தில் வையுங்கள். இதில் நமக்கு வழிகாட்டி வெளியூரில் இல்லை, நம்ம வேலூர்தான். பாலாற்றில் தோல் கழிவு கலப்பதை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதியாக ஊன்றியதில் அந்தத் தீர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு. சட்டம் படிக்கிற பிள்ளைகள் நாடு முழுக்க நம்ம ஊர் பெயரைச் சொல்லிப் படிக்கிறார்கள். அந்தத் தீர்ப்பைத் தேடிப் படியுங்கள். தோல் தொழிற்சாலைப் பகுதிகளில் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ கெட்டுப்போனது என்ற கணக்கு அதில் இருக்கிறது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 கெட்டிருந்தன என்ற கணக்கும் இருக்கிறது. யாரோ வெயிலில் நடந்து கிணறு கிணறாக எட்டிப் பார்த்து எழுதினதால்தான் அந்த எண் டெல்லி வரைக்கும் போனது. பாலாறு இன்னும் சுத்தமாகவில்லை, 2025 ஜனவரியில் அதே பிரச்சினைக்கு உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. ஆனாலும் அந்தக் கணக்குகள் இல்லையென்றால் பேசுவதற்கே பிடி இருந்திருக்காது.

அதே மாதிரி நீங்களும் கணக்கு வையுங்கள். கோடையில் தண்ணீர் தேடி இறங்குகிற புள்ளிமான் எந்த இடத்தில் அடிபடுகிறது, எந்தத் தரைமட்டக் கிணற்றில் விழுகிறது, ஏலகிரி மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் எந்த வளைவில் வண்டியை நிறுத்திக் குரங்குக்குச் சிப்ஸ் போடுகிறார்கள், தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு கோடை முழுக்க எழுதின நோட்டு கையில் இருந்தால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்வுக் கூட்டத்தில் உங்கள் பேச்சுக்கு ஒரு கனம் வரும். பதில் வராவிட்டால் 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது, பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். நான் போட்ட ஒரு மனு தொலைந்துவிட்டது என்று ஒரு அலுவலகத்தில் சொன்னார்கள். ரசீது எண்ணைக் காட்டித் தகவல் கேட்டதும் அதே மனு கிடைத்துவிட்டது.

சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் தடவைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். நாயையோ மாட்டையோ கொன்றாலோ ஊனமாக்கினாலோ பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ம் பிரிவையும் புகாரில் எழுதச் சொல்லுங்கள், அதில் ஐந்து வருஷம் வரை சிறை உண்டு. மாவட்டத்துக்கு ஒரு பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கம் இருக்க வேண்டும் என்பது 2001 விதி. அது உங்கள் மாவட்டத்தில் எப்போது கடைசியாகக் கூடியது என்று கேட்டு எழுதுங்கள், அதுவே நல்ல ஆரம்பம். அடிபட்ட மாட்டுக்கு, நாய்க்கு 1962 என்ற எண்ணுக்குப் போன் பண்ணுங்கள். பாம்பு வீட்டுக்குள் வந்தால் தீயணைப்புத் துறை. சாரைப்பாம்பை அடித்துத் தொங்கவிட்டுப் படம் எடுக்கிற தம்பிகளுக்கு அது எலி தின்கிற, விஷமில்லாத பாம்பு என்று பொறுமையாகச் சொல்லுங்கள். கண்ணாடி விரியன் கடித்தால் போடுகிற மருந்துக்கான விஷத்தைப் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பது வடநெம்மேலியில் இருளர்கள் நடத்துகிற கூட்டுறவுச் சங்கம், 1978-லிருந்து. பாம்பைக் கொல்லாமல் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். இதைச் சொன்னால் கழியைக் கீழே போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

முகநூலில் எழுதும்போது ஒன்றே ஒன்று. சிறுத்தையோ ஆமையோ கண்ணில் பட்டால் இடத்தைப் போடாதீர்கள். வேட்டைக்காரரும் இதையெல்லாம் பார்க்கிறார். வேறு மாநிலத்துப் பழைய வீடியோவை "நம்ம ஆம்பூர்" என்று பகிராதீர்கள். ஒரு தடவை பொய் என்று தெரிந்துவிட்டால், அடுத்து நீங்கள் நிஜமாகக் கூப்பிடும்போது ரேஞ்சர் போனை எடுக்க மாட்டார்.

அடுத்த கிராம சபை எந்தத் தேதியோ, அன்றைக்குக் காட்டோர ஊர்க்காரர்கள் இரண்டு தீர்மானம் வையுங்கள்: தரைமட்டக் கிணறுகளுக்குக் கைப்பிடிச் சுவர், ஆட்டுப்பட்டிகளுக்குக் கம்பி வலை மானியம். தீர்மானமும் இழப்பீட்டு மனுவும் எழுதின மாதிரி என்னிடம் இருக்கிறது. பேரணாம்பட்டு, ஒடுகத்தூர், அமிர்தி பக்கத்து ஆட்கள் ஊர் பெயரோடு கேளுங்கள், அனுப்பி வைக்கிறேன். பொய்கை மேடைக்கு வியாபாரிகளிடம் கையெழுத்து வாங்க வரும் செவ்வாய் காலை ஆறு மணிக்குச் சந்தை வாசலில் நிற்பேன். வர முடிந்தவர்கள் ஒரு பேனா எடுத்துக்கொண்டு வாருங்கள்.