அந்த அலறலை வரவேற்பு என்று எழுதியவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எல்லோரும் பகிர்ந்துகொண்டிருக்கும் அந்தப் பாறையேற்றக் காணொளியை நானும் நான்கு முறை பார்த்துவிட்டேன். யார் ஏறினார், எந்தப் பாறை என்பதையெல்லாம் மீண்டும் எழுதி அதற்கு மேலும் ஆள் சேர்க்க எனக்கு விருப்பமில்லை, உங்களுக்கே தெரியும். இரண்டாவது நிமிடத்தில் ஒரு பறவை, பொரி வல்லூறு, ஏறுபவரின் தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்துகிறது. "பறவையே வந்து வரவேற்கிறது" என்று அதன் கீழே எழுதியிருக்கிறார்கள். ஒலியைக் கூட்டி வைத்துக் கேளுங்கள். மூச்சு விடாமல், ஒரே தாளத்தில், கரகரவென்று வரும் அந்தக் குரல், முட்டையை விட்டு எழுப்பப்பட்ட தாயின் அலறல்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். கூடு வைக்கும் மாதங்களில் அந்தப் பாறையை அந்தப் பறவைகளுக்கு விட்டுவிடுங்கள். பாறையேற்றத்தையே நிறுத்தச் சொல்லவில்லை. ஆண்டு முழுவதும் மூடச் சொல்லவில்லை. அந்த மாதங்களில், அந்தப் பக்கம் மட்டும்.

பொரி வல்லூறு குச்சி பொறுக்கிக் கூடு கட்டும் பறவை அல்ல. செங்குத்துப் பாறையில் ஒரு குறுகிய திட்டைத் தேர்ந்து, அங்கிருக்கும் சரளையில் நெஞ்சை அழுத்தித் தேய்த்து, ஆழமில்லாத ஒரு குழியை உண்டாக்கிக்கொள்கிறது. பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு முட்டைகள். ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமாக அடைகாக்கிறது. பொரித்த குஞ்சுகள் பறக்க இன்னும் ஆறு வாரம் ஆகிறது. தாய் எழுந்துபோனால் முட்டை குளிர்ந்துவிடும், வெயிலில் கிடந்தால் வெந்துவிடும். பறக்கத் தெரியாத குஞ்சு மிரண்டு பின்வாங்கினால், அதன் பின்னால் இருப்பது வெறும் காற்று.

இதைப் புத்தகத்தில் படித்துவிட்டு எழுதவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் கூடு வைக்கும் மாதத்தில் நானும் இப்படித்தான் ஏறினேன். மேலே ஒரு பறவை கத்திக்கொண்டே இருந்தது. இடையூறாக இருக்கிறதே என்றுதான் அப்போது நினைத்தேன். ஒரு திட்டின் விளிம்பைப் பிடித்து உடலைத் தூக்கியபோது, முகத்துக்கு ஒரு முழம் தள்ளி, செம்பழுப்புப் புள்ளிகள் அடர்ந்த மூன்று முட்டைகள் கிடந்தன. பக்கத்தில் ஒரு புறாவின் கால், உதிர்ந்த இறகுகள். இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. அதற்குச் சற்று மேலேயே கயிற்றைப் பாறையில் நங்கூரமிட்டு, கீழிருந்து இரண்டாம் ஆள் வந்து சேரும்வரை முக்கால் மணி நேரம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு நேரமும் அந்தப் பறவை திரும்பி வந்து உட்காரவில்லை. மூன்று வாரம் கழித்துத் தொலைநோக்கியில் பார்த்தபோது திட்டு வெறுமையாக இருந்தது. என் கைபட்ட விளிம்பில், பிடி வழுக்காமலிருக்கப் பூசிக்கொள்ளும் சுண்ணப்பொடியின் வெள்ளைத் தடம் மட்டும் அப்படியே இருந்தது. அதற்கு நான்தான் காரணம் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. எனக்கு நிரூபணம் தேவைப்படவும் இல்லை.

"மனிதனும் இயற்கையின் பகுதிதானே" என்று கேட்கிறார்கள். ஆம். அதனால் என்ன? "பறவைக்கு வேறு பாறையே இல்லையா?" இந்தக் கேள்வியை உங்களிடமே திருப்பிக் கேட்கலாம். "கல்குவாரிகள் மலையையே விழுங்குகின்றன, அதைக் கேட்காமல் எங்களிடம் வருகிறீர்களே" என்பதில் மட்டும் நியாயம் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் குவாரிக்காரர் தன்னை மலையின் காதலர் என்று எங்கும் எழுதிக்கொள்வதில்லை. நாம் எழுதிக்கொள்கிறோம்.

மலைத்தேனீ அடை தொங்கும் பாறைப் பக்கம் நம்மில் எவரும் போவதில்லை. மாதக்கணக்கில் காத்திருப்போம், வேறு பாதை தேடுவோம், ஒருவரும் உரிமை பற்றிப் பேசமாட்டோம். கொட்டும் என்பதே காரணம். அப்படியானால் காத்திருக்க நமக்குத் தெரியும். நம்மைக் கொல்ல முடியாத உயிருக்கு மட்டும்தான் அந்தப் பொறுமையைத் தர மறுக்கிறோம்.

அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் ஆண்டுதோறும் மார்ச் 1 முதல் ஜூலை 15 வரை வல்லூறு கூடு வைக்கும் பாறைப்பகுதிகளை மூடுகிறார்கள். மற்ற பாறைகளில் ஏறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். டிடிடி பூச்சிக்கொல்லியால் முட்டை ஓடு மெலிந்து, தாய் உட்கார்ந்தாலே நொறுங்கிப்போன காலத்தில், அங்கே கயிற்றில் தொங்கி அந்த முட்டைகளை எடுத்துவிட்டு, வெளியே பொரிக்கப்பட்ட குஞ்சுகளைக் கூட்டில் வைக்க ஆய்வாளர்களுக்கு உதவியவர்கள் பாறையேறுபவர்கள்தாம். 1972-இல் அமெரிக்கா டிடிடியைத் தடை செய்தது. 1999-இல் அந்தப் பறவை அழிவாபத்துப் பட்டியலிலிருந்து நீங்கியது. நம் கைகளுக்கு அப்படியும் ஒரு வரலாறு உண்டு.

கருங்கழுத்துப் பாறு என்ற பிணந்தின்னிக் கழுகின் நிலை இன்னும் மோசம். டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணி போடப்பட்ட கால்நடைகளின் சடலங்களைத் தின்று கூட்டங்கூட்டமாகச் செத்து, இந்தியாவில் 2006-இல் கால்நடைப் பயன்பாட்டுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்ட பிறகும் மீள முடியாமல் தவிக்கும் இனம் அது. பாறை விளிம்பில் ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இடுகிறது. 2012-இல் கர்நாடகத்தின் ராமநகரத்தில் ராமதேவர் மலை பாறுகளுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது அதற்காகத்தான். ஒரே முட்டை. அது போனால் அந்த ஆண்டே போயிற்று.

இவ்வளவையும் பாறையேறுபவர்களின் இணையக் குழுவில் பொறுமையாகத்தான் எழுதினேன். "வயதாகிவிட்டது, இனி ஏற முடியாது, அதனால் ஏறுபவர்களைப் பார்த்தால் எரிகிறது" என்று பதில் வந்தது. அதற்கு முப்பதுக்கும் மேற்பட்டோர் விருப்பக்குறி இட்டிருந்தார்கள். அவர்களில் எட்டு ஆண்டுகளாக என்னோடு ஒரே கயிற்றில் ஏறியவர் ஒருவர். அவருடைய விழுதலை நான் பிடித்திருக்கிறேன். என்னுடையதை அவர் பிடித்திருக்கிறார். மறுத்து ஒரு சொல் எழுதியிருக்கலாம், அல்லது பேசாமலாவது இருந்திருக்கலாம். பறவையைப் பற்றி எழுத உட்கார்ந்த நான் இதைச் சொல்லக்கூடாதுதான். ஆனால் நான்கு நாட்களாக இதுதான் என்னைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது.

காணொளியை இட்டவரிடம் ஒரே ஒரு வேண்டுகோள். மன்னிப்பெல்லாம் வேண்டாம். அதில் திட்டின் இடம் தெளிவாகத் தெரிகிறது. இந்த வாரம் இன்னும் இரண்டு குழுக்கள் அங்கே போகத் திட்டமிடுவதாகக் கேள்விப்பட்டேன். அதற்குள் அதை நீக்கிவிடுங்கள்.