பெண் டிப்பரெரி, மாப்பிள்ளை கில்கென்னி

(அயர்லாந்து, டிப்பரெரி கவுண்டி, அதாவது மாவட்டம், தர்லஸ் ஊர். பண்ணை வீட்டுச் சமையலறை. பெண் கேட்டு ஒரு பையன் வந்திருக்கிறான். பெண்ணின் அப்பா டீ ஊற்றுகிறார்; கண் மட்டும் ஓரமாகச் சாத்திவைத்த ஹர்லிங் மட்டை மேல். ஹர்லிங் என்பது மட்டையால் பந்தடிக்கும் ஐரிஷ் ஆட்டம்; கவுண்டிக்குக் கவுண்டி மோதும்.)

அப்பா: தம்பி, அது உன் மட்டையா? கொடு பார்ப்போம். (தடவிப் பார்க்கிறார்) ஆஷ் மரம். வேர் வளைகிற இடத்தில் பார்த்து அறுத்திருக்கிறார்கள், ரேகை எப்படி வளைந்து போகிறது பார்! நோய் வந்து மரமெல்லாம் பட்டுப்போகிற காலத்தில் இப்படி ஒன்று கிடைப்பதே அபூர்வம். நல்ல குடும்பம்தான். எந்தக் கவுண்டி?

பையன்: கில்கென்னி, ஐயா.

அப்பா: (டீ ஊற்றுவது நிற்கிறது) சர்க்கரை எத்தனை ஸ்பூன்?

பையன்: இரண்டு.

அப்பா: தீர்ந்துவிட்டது. 2025இல் ஹர்லிங் கோப்பை யாருக்கு வந்தது, தெரியும்தானே?

பையன்: உங்களுக்குத்தான். ஆனால் அந்த வருடம் வரைக்கும் மொத்தக் கோப்பைக் கணக்கு எங்களுக்கு 36, உங்களுக்கு 29.

அப்பா: நீ என்ன கணக்கு வாத்தியாரா?

பையன்: ஆமாம் ஐயா. கவுண்டி அணியில் மாற்று கோல்கீப்பரும்கூட.

அப்பா: அப்படியா! ஞாயிற்றுக்கிழமை குரோக் பார்க் மைதானத்தில் 82,000 பேர் முன்னால் பெஞ்சில் உட்காருவாய், திங்கட்கிழமை வகுத்தல் சொல்லித்தருவாய்.

பையன்: ஆட்டத்துக்குச் சம்பளம் கிடையாதே ஐயா. பெட்ரோல் காசுதான்.

அப்பா: காசு வாங்கினால் அதற்குப் பெயர் உத்தியோகம். இங்கே பார். (வாயைத் திறக்கிறார்) முன்பல் இரண்டையும் ஊருக்கு இனாமாகக் கொடுத்தவன் நான்.

பையன்: ஹெல்மெட்?

அப்பா: அதை எல்லோருக்கும் கட்டாயமாக்கியதே 2010இல்தானே! சரி, இந்த இங்கிலீஷ்காரன் கால்பந்து பார்ப்பாயா?

பையன்: (மெதுவாக) லிவர்பூல் மட்டும்.

அப்பா: கிழிஞ்சது! அவன் ஆட்டம் நம் ஆட்டத்தை விழுங்கிவிடக் கூடாது என்றுதான் 1884இல் இதே ஊர் ஹேஸ் ஹோட்டலில் கூடி கேலிக் சங்கத்தையே ஆரம்பித்தார்கள். டக்ளஸ் ஹைட் யார்? நாட்டுக்கே ஜனாதிபதி, சங்கத்தின் புரவலர் வேறு. 1938இல் போலந்தோடு நடந்த கால்பந்து மேட்சுக்குப் போனார். சங்கத்துக்காரர்கள் அந்நிய ஆட்டம் பார்க்கவே தடை இருந்த காலம்; புரவலர் பதவி போச்சு!

பையன்: அந்தத் தடையை 1971இலேயே எடுத்துவிட்டார்களே.

அப்பா: சங்கம் எடுத்தது. நான் எடுக்கவில்லை.

பையன்: போன வாரம் நீங்களே லிவர்பூல் மேட்ச் பார்த்தீர்களாமே? உங்கள் மகள் சொன்னாள்.

அப்பா: ரிமோட் ரிப்பேர். அது கிடக்கட்டும், கல்யாணம் எப்போது?

பையன்: ஜூலையில் வைக்கலாம் என்று...

அப்பா: ஜூலையா! இறுதிப் போட்டி மாதத்தில் பாதிரியார்கூடக் கிடைக்க மாட்டார்.

பையன்: சரி, நவம்பர்.

அப்பா: ம். குடித்தனம் எங்கே?

பையன்: அர்லிங்ஃபோர்டில் வீடு பார்த்திருக்கிறோம்.

அப்பா: அது எல்லைக்கு அந்தப் பக்கமாச்சே! என் பேரன் உங்கள் கறுப்பு மஞ்சள் சட்டையைப் போடுவானா?

பையன்: எந்த ஊர் கிளப்போ அந்தக் கவுண்டிதானே ஐயா.

அப்பா: (நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு) மாப்பிள்ளை, ரோட்டோரமாக எனக்கு நிலம் இருக்கிறது. அரை ஏக்கர் எழுதித் தருகிறேன், இங்கேயே வீடு கட்டிக்கொள்.

பையன்: எதற்கு மாமா, வேண்டாம்.

அப்பா: ஒரு ஏக்கர்.

பையன்: பேத்தி பிறந்தால்?

அப்பா: பெண்களுக்குக் கமோகி இருக்கிறதே! அதற்கும் மட்டை, பந்து எல்லாம் உண்டு. அவளுக்கும் நம் டிப்பரெரி நீலமும் மஞ்சளும்தான். ஒன்றரை ஏக்கர், மாப்பிள்ளை!