மறுபடியும் அதே பயிற்சி

ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரத்துக்கு, பாம்பன் பாலம் தாண்டி, ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போனேன். எதற்கு? எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கோபமாக வருபவர்களைச் சமாளிப்பது எப்படி என்ற புத்தாக்கப் பயிற்சிக்கு. போன தடவை காட்டிய அதே ஸ்லைடு. எழுத்துப்பிழைகூட அப்படியே!

“குரலைத் தாழ்த்துங்கள், ஒரு கை தூரம் தள்ளி நில்லுங்கள், வாசல் உங்கள் பக்கம் இருக்கட்டும்” என்றார்கள். தப்பில்லை. ஆனால் எங்கள் அவசரப் பிரிவுக்கு இருப்பதே ஒரு வாசல்தான். திருக்கை மீனின் விஷ முள் காலில் குத்தியவரை ஏந்திக்கொண்டு படகிலிருந்து பதினைந்து பேர் வருவார்கள். வாசல் அவர்கள் பக்கம்தான். வலியில் அவர் துடிக்கும்போது, தாங்கும் சூட்டில் வெந்நீரில் காலை வை என்றால், “ஊசி போடாம வெந்நீரா?” என்று சண்டை. வெந்நீர்தான் முதல் சிகிச்சை என்று அவர்களுக்கு யார் பயிற்சி கொடுப்பது?

மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் ஜாமீனில் வர முடியாத குற்றம் என்று 2008-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. அதையும் படித்துக் காட்டினார்கள். சரி, ராத்திரிக்கு ஒரு காவலாளி கிடைப்பாரா என்று கேட்டேன். “அது இந்தப் பயிற்சியில் வராது” என்றார்கள்.

டீயும் ஆறிப்போயிருந்தது.